கேள்வி – பதில்: நாலு தந்தி ஃபெண்டர் மாண்டலின்

கே: 1962-ஆம் வருட ஃபெண்டர் எலக்ட்ரிக் மாண்டலின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? கச்சேரிக்காக ஐந்தாவது தந்தி போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், மயிலாப்பூர்)

ப: ஃபெண்டர் இதை 1956 முதல் 1976 வரை செய்தது. ‘மாண்டோகாஸ்டர்’ என்பது வாசிப்பவர்கள் வைத்த செல்லப்பெயர்தான். நாலும் ஒற்றைத் தந்தி என்பதால் இழுத்துக் கமகம் பிடிக்க வாகானது. கிப்ஸன் இஎம்-150 போன்ற எட்டுத் தந்தி வாத்தியத்தில் ஜோடித் தந்தி இரண்டையும் ஒரே அளவு இழுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அபஸ்வரம்.

வருஷத்தை வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். விற்பவரைத் தட்டைக் கழற்றச் சொல்லி, வால்யூம் பாட்டின் (pot, குமிழுக்கு அடியில் இருக்கும் மாற்றுத் தடை) முதுகைப் பாருங்கள். 3046218 என்று இருந்தால் 304 அதைச் செய்த ஸ்டாக்போல் கம்பெனி, 62 வருஷம், 18 வாரம். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் என்ற கம்பெனி. பாட் 1962 என்றால் வாத்தியம் அதற்கு முன் வந்திருக்க முடியாது, அவ்வளவுதான். சால்டர் மங்கலாக இல்லாமல் பளபளத்தால் பாட்டையே பிறகு மாற்றியிருக்கலாம். தந்தியைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினால் அடிமுனையில் தேதி இருக்கும். இதை ஒரே ஒரு தடவை செய்யுங்கள். அடிக்கடி கழற்றினால் திருகு ஓட்டை தளர்ந்துவிடும்.

பிறகு மல்டிமீட்டர். கேபிளைச் சொருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, அதன் மறுமுனைப் பின்னின் நுனிக்கும் உறைக்கும் இடையே அளவிடுங்கள். சில கிலோ ஓம் காட்டினால் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உயிரோடு இருக்கிறது. 200 கிலோ ஓமைத் தாண்டினால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது அதன் ஒயர் விட்டிருக்கிறது. அப்போது மீட்டரில் தெரிவது பிக்கப் அல்ல, வால்யூம் பாட். ‘சத்தம் கொஞ்சம் கம்மி, பாட்டை மாற்றினால் சரியாகிவிடும்’ என்று சொல்லி விற்கப்படுபவற்றில் இந்த வியாதி உண்டு.

ஐந்தாவது தந்தி வேண்டாம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்தியில் வாசித்தார், உண்மை. அதற்கென்று ஒரு வாத்தியம் புதிதாகச் செய்வித்துக்கொள்ளுங்கள். பழையதில் தலையிலும் பிரிட்ஜிலும் (குதிரை) ஓட்டை போட்டால் சேகரிப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பெயின்ட் அடித்தாலே விலை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மந்தர ஸ்தாயிக்கு வேறு வழி இருக்கிறது. மூன்று கட்டையில் ஸ–ப–ஸ–ப வைத்தால், வழக்கமான ஜி-டி-ஏ-இ-யிலிருந்து கீழ்த் தந்திகள் இரண்டும் மூன்று அரைஸ்வரம் இறங்கும், மேல் தந்திகள் ஐந்து. 10-14-24-34 செட் (மேல் தந்தியிலிருந்து கீழாக, அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு தடிமன்) அப்போது துவண்டுவிடும். பழைய இழுப்பே வேண்டுமானால் 13-18-28-40 போடுங்கள். கிட்டார் ஒற்றைத் தந்தியே போதும், நீளம் தாராளம். தந்திப் பிடி கொக்கி மாதிரி இருந்தால் தந்தி நுனியில் இருக்கும் உருண்டையைக் குறடால் நெரித்து எடுத்துவிட்டால் வளையம் தயார். 40 பழைய நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பட்டை) பள்ளத்தில் உட்காராது, அதை அராவாதீர்கள். புது நட் போட்டுப் பழையதைப் பெட்டியில் வையுங்கள்.

கே: புதுத் தந்தி மாற்றினேன். கீழ்த் தந்திகள் இரண்டும் அமுங்கிக் கேட்கின்றன. (வாசகர், பெரம்பூர்)

ப: வெண்கலம் சுற்றிய தந்தி வாங்கியிருப்பீர்கள். காந்த பிக்கப்புக்கு வெண்கலம் தெரியாது, உள்ளே ஓடும் எஃகு மட்டும்தான் தெரியும். நிக்கல் சுற்றியது வாங்குங்கள்.

கே: இரைச்சல் வருகிறது. தந்தியைத் தொட்டால் குறைகிறது. வால்யூம் திருப்பினால் கரகரப்பு வேறு. (வாசகர், திருவான்மியூர்)

ப: தொட்டதும் குறைந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு இந்த இரைச்சல் கூடப்பிறந்தது; டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்திலிருந்து நகர்ந்து உட்காருங்கள். தொட்டதும் கூடினால்தான் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரைத் தேட வேண்டும். கரகரப்பு, கடற்காற்றின் உபயம். பாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, பிறகு இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். தையல் மெஷின் எண்ணெய் மட்டும் கூடாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.