அமெரிக்காவின் 87-உம் நம்முடைய 91-உம்

பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது எஞ்சினில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் திறனின் அளவு, அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் 87 என்றும் தண்டையார்பேட்டையில் 91 என்றும் சொல்லப்பட்டு வந்ததால் நம் பெட்ரோல்தான் உயர்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அளவுகோல்தான் வேறு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் குறிப்பிடப்படுவது ஆர்ஓஎன் என்னும் ஆய்வுமுறை ஆக்டேன் எண். அமெரிக்காவிலோ, அந்த ஆர்ஓஎன் எண்ணையும், கடுமையான சூழலில் அளக்கப்படுவதால் பொதுவாக எட்டு முதல் பத்து வரை குறைந்து வரும் எம்ஓஎன் என்னும் மோட்டார்முறை ஆக்டேன் எண்ணையும் கூட்டி, இரண்டால் வகுத்துக் கிடைக்கும் சராசரியையே பம்பில் எழுதுகிறார்கள். ஆகவே ஆர்ஓஎன் 91, எம்ஓஎன் 83 உள்ள பெட்ரோல் அங்கே 87 ஆகிவிடும். ஐரோப்பாவில் வழக்கமான பெட்ரோலே 95 என்பதால், அதற்கென வடிவமைத்த எஞ்சினுக்கு மட்டும் 91-க்கும் 95-க்கும் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. மற்ற வண்டிகளுக்கு உயர்ந்த எண்ணை வாங்குவது, என் கருத்தில், வீண்செலவு.

குழாயின் நிறத்தையும் நம்பிவிடாதீர்கள். பிரிட்டனில் பச்சை பெட்ரோலையும் கறுப்பு டீசலையும் குறிக்கும். அமெரிக்காவில் பல இடங்களில் பச்சைதான் டீசல். "சார், ஜீரோ பாருங்க" என்று சொல்ல அங்கே பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார், நாமே நிரப்பவேண்டும். நியூ ஜெர்சி மாநிலம் மட்டும் விலக்கு, அங்கே பணியாளரே நிரப்பவேண்டும் என்பது சட்டம். விலையை ஒப்பிடும்போது அமெரிக்க கேலன் ஏறத்தாழ 3.785 லிட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.