கேள்வி – பதில்: ஒரே சர்வர், இரண்டு குரூப்

கேள்வி: அன்சிபிளில் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) சர்வர்களை வெப், டேட்டாபேஸ் என்று வேலைவாரியாகவும், ஸ்டேஜிங் (சோதனை), புரொடக்‌ஷன் (நேரடிப் பயன்பாடு) என்று சூழல்வாரியாகவும் பிரித்திருக்கிறேன். ஸ்டேஜிங் குரூப்பில் போர்ட் 8080 என்று கொடுத்தும், இரண்டு குரூப்பிலும் உள்ள சர்வரில் வெப் குரூப்பின் 80தான் வருகிறது. ஏன்?

பதில்: இரண்டும் ஒரே மட்டத்துக் குரூப்கள். அப்படி இருந்தால் அன்சிபிள் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் படிக்கும்; கடைசியாகப் படித்த மதிப்பே நிற்கும். 'எஸ்' முன்னால், 'டபிள்யூ' பின்னால். அதனால் வெப் ஜெயிக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

வெப், ஸ்டேஜிங் இரண்டுக்கும் பிள்ளையாக 'வெப்_ஸ்டேஜிங்' என்றொரு குரூப் வையுங்கள். அந்தச் சர்வர்களை அதில் எழுதி, 8080ஐ அங்கேயே கொடுங்கள். பிள்ளையின் மதிப்பு தாய்க் குரூப்பின் மதிப்பை எப்போதும் மிஞ்சும். பெயரில் இணைப்புக்கோடு வேண்டாம், அடிக்கோடு போடுங்கள்.

ஸ்டேஜிங் குரூப்புக்கு 'அன்சிபிள்_குரூப்_பிரயாரிட்டி' என்ற முன்னுரிமை எண்ணை 10 ஆக்கினாலும் நடக்கும் (இயல்பாக 1). ஆனால் அதைச் சர்வர்களின் பட்டியலான இன்வென்டரி கோப்பிலேயே எழுத வேண்டும். குரூப்களின் மதிப்புகளை வைக்கும் குரூப்_வார்ஸ் கோப்புறையில் எழுதினால் பலிக்காது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் புரியும்.

அன்சிபிளை ஓட்டுவதற்கு முன் 'அன்சிபிள்-இன்வென்டரி' கட்டளையை 'ஹோஸ்ட்' தேர்வுடன் கொடுத்துப் பாருங்கள். அந்தச் சர்வருக்கு இன்வென்டரியிலிருந்து சேரும் இறுதி மதிப்புகள் தெரியும்.