சாப்பாட்டு மேசையில் ட்ரம்ப்

தம்பி,

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வவுனியாவிலிருந்து வந்து எட்டு மாதம். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் ட்ரம்பைத் திட்டிக்கொண்டிருக்க, "அந்தாள் மனசில் பட்டதை நேரே சொல்லுறார், அதில என்ன பிழை? எங்கட அரசியல்வாதிகள் மாதிரி சிரிச்சுக்கொண்டு கழுத்தறுக்கிறதில்லையே" என்று சொல்லிவிட்டீர்கள். மேசை கப்சிப். அதுவரை உங்களுக்குக் கோப்பி வாங்கித் தந்த வெள்ளைக்காரப் பெரியவர் இரண்டு கிழமையாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இன்னொரு நாட்டு ஜனாதிபதியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு கோபமா, இனி வேலையில் வாயே திறக்கக் கூடாதா, அமெரிக்காவில் பஃபலோவில் இருக்கும் மாமாவிடம் போக விசா போட்டால் முகநூலில் எழுதியது இடைஞ்சலாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்ச் சப்பாத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 1996இல் வந்தவன். நீங்கள் சொன்னதையே 2018இல் எங்கள் மேசையில் ஒருவர் சொல்லியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அப்போது ட்ரம்ப் இங்கே ஒரு பகிடி. அந்த வருடம் ஜூனில் கியூபெக்கின் சார்லுவாவில் ஜி7 மாநாடு நடந்தது. முடிந்து விமானம் ஏறியவர், வானத்தில் இருந்தபடியே எங்கள் அப்போதைய பிரதமர் ட்ரூடோவை நேர்மையற்றவர், பலவீனமானவர் என்று டுவீட் போட்டு, கூட்டறிக்கைக்குக் கொடுத்த சம்மதத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் இடைவேளையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த வருடமே எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டார். பிறகு 2019 மே மாதம் எடுத்துவிட்டார். நாஃப்டா என்ற பழைய வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தைக் கிழித்து, மெக்சிகோவையும் சேர்த்து ஒரு புது ஒப்பந்தம் செய்தார். 2020 ஜூலை 1இல் அது நடைமுறைக்கு வந்தது. அவரே கையெழுத்துப் போட்டு, அவரே பெருமையாகச் சொல்லித் திரிந்த ஒப்பந்தம் அது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

2024 கடைசியில், பதவியேற்க முன்னரே, ட்ரூடோவை "ஆளுநர்" என்று அழைக்கத் தொடங்கினார். கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகட்டும் என்றார். அதையும் சனம் முதலில் பகிடியாகத்தான் எடுத்தது. 2025 பெப்ரவரி 1இல் கனடாப் பொருட்களுக்கு 25 வீத வரி, எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் 10 வீதம் என்று உத்தரவு வந்தது. பெப்ரவரி 3இல் ஒரு மாதத்துக்குத் தள்ளிவைத்தார். மார்ச் 4இல் போட்டார். இரண்டு நாளில், ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பொருட்களுக்கு விலக்கு என்றார். அடுத்த கிழமை எஃகு, அலுமினியத்துக்குத் தனியாக 25. ஜூனில் அது 50. ஓகஸ்டில் பொது வரி 35.

தொழிற்சாலைக்காரனாகச் சொல்கிறேன், வரி எவ்வளவு என்பதைவிட நாளைக்கு எவ்வளவு என்று தெரியாததுதான் எங்களைத் தின்றது. நீங்கள் அழுத்தி எடுக்கும் அந்தத் தகடு ஒரு காருக்குள் போய்ச் சேருமுன் எல்லையை ஐந்தாறு தடவை தாண்டக்கூடும். இங்கே வெட்டி, மிச்சிகனில் வளைத்து, திரும்ப இங்கே பூச்சடித்து, திரும்ப அங்கே பொருத்துவார்கள். வின்ட்சருக்கும் டெட்ராய்ட்டுக்கும் நடுவே உள்ள பாலத்தில் லொறி நின்றால் எங்கள் தளத்தில் இயந்திரம் நிற்கும். அந்த மார்ச்சில் எங்கள் மேலாளர் நாலு தடவை எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். நாலு தடவையும் வேறு வேறு கதை. முதலில் மேலதிக நேர வேலை போனது. பிறகு புதுசாக எடுத்த பெடியன்கள் போனார்கள்.

மே மாதம் ஓஷவாவில் ஜிஎம் ஆலை மூன்றாவது ஷிஃப்டை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒக்டோபரில் ஸ்டெலாண்டிஸ் கார்க் கம்பனி, பிரம்ப்டன் ஆலைக்கு வரவேண்டிய ஜீப் உற்பத்தியை இலினோய் மாநிலத்துக்கு மாற்றியது. மார்க்கத்திலிருந்து ஓஷவா எவ்வளவு தூரம்? உங்கள் மேசையில் இருப்பவர்களில் இரண்டு பேருக்காவது அங்கே அண்ணனோ மருமகனோ இருப்பான். கோப்பி வாங்கித் தந்த பெரியவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊகிக்கலாம்.

இந்த நாட்டுச் சனம் கோபப்பட்டு நான் கண்டது குறைவு. 2025இல் கண்டேன். மார்ச் 4ஆம் திகதியே ஒன்ராறியோ அரசின் மதுக்கடைகளில் அமெரிக்கப் போத்தல்களை இறக்கிவைத்தார்கள். ஏப்ரலில், காரில் அமெரிக்கா போய்வந்த கனடியர் தொகை முந்தைய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 'முழங்கையைத் தூக்கு', அதாவது விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நில் என்ற ஐஸ் ஹொக்கிப் பேச்சு தேர்தல் கோஷமாகவே போய்விட்டது. ரொறன்ரோவில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் அமெரிக்க தேசியகீதத்துக்கு ஊளையிட்டார்கள். பாடியது 15 வயதுப் பிள்ளை. அது எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று மேசையிலும் சொன்னேன். ஆனால் அந்தக் கோபம் எங்கே இருந்து வருகிறது என்று விளங்கியது. ஜனவரியில் கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னால் நின்ற கன்சர்வேட்டிவ் கட்சி ஏப்ரல் 28இல் தோற்றது. அதன் தலைவர் பொலியேவ் தன் சொந்தத் தொகுதியையே பறிகொடுத்தார். அரசியலுக்கே புதியவரான லிபரல் கட்சித் தலைவர் கார்னி பிரதமராக நிலைத்தார். மே மாதம் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து, கனடா விற்பனைக்கு இல்லை என்று கார்னி ட்ரம்பின் முகத்துக்கு நேரே சொன்னபோது எங்கள் தளத்தில் கைதட்டினார்கள். ட்ரம்ப் சொன்ன பதில், "ஒருபோதும் இல்லை என்று சொல்லக் கூடாது" என்பது.

சரி, உங்கள் வாதத்துக்கு வருவோம். அந்தாள் மனசில் பட்டதை நேரே சொல்பவர் என்கிறீர்கள்.

நேரே சொல்பவர் என்றால் காரணம் கிழமைக்குக் கிழமை மாறாது. வரிக்கு முதலில் சொன்ன காரணம் ஃபென்டனில் போதைப்பொருள். 2024 நிதியாண்டில் கனடா எல்லையில் அமெரிக்க அதிகாரிகள் பிடித்தது 43 இறாத்தல், 20 கிலோகூட இல்லை. மெக்சிகோ எல்லையில் 21,000 இறாத்தலுக்கு மேல். பிறகு சொன்ன காரணம் வர்த்தகப் பற்றாக்குறை. 2025 ஒக்டோபரில் ஒன்ராறியோ அரசு முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் 1987ஆம் ஆண்டு வானொலிப் பேச்சை வெட்டி ஒரு விளம்பரம் போட்டது. வரி கூடாது என்று ரீகனே சொல்வதுபோல. அதைக் கண்டு ட்ரம்ப் கோபம் வந்து கனடாவோடு நடந்த வர்த்தகப் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார். எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணி புளூ ஜேஸ் ஆடிய உலகத் தொடர் ஆட்டங்களிலும் அது ஓடியது என்று இன்னும் 10 வீதம் வரி கூட்டுவேன் என்றார். ஒரு விளம்பரத்துக்கு! (அந்தத் தொடரில் நாங்கள் தோற்ற ஏழாவது ஆட்டத்தைப் பற்றி இப்போதைக்கு என்னோடு யாரும் கதைக்க வேண்டாம்.)

நடத்தை வேறு, வெளிநாட்டுக் கொள்கை வேறு, வாய்தான் கெட்டது, செய்கை சரி என்று எங்கள் ஆட்களும் வாதாடுவார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. தான் கையெழுத்துப் போட்ட 2020 ஒப்பந்தத்தைத் தானே மீறுகிற ஒருவரோடு அடுத்த ஒப்பந்தத்தை எதை நம்பிச் செய்வது? தொழிற்சாலை முதலாளி இயந்திரம் வாங்குவது பத்து வருடக் கணக்கில். ஒருவரின் கோபதாபத்தைப் பார்த்து அவரால் இயந்திரம் வாங்க முடியாது. அந்த மனுசனின் குணம்தான் இங்கே கொள்கையாக வந்து நிற்கிறது.

ஆனால் ட்ரம்பைப் பிடித்த தமிழரெல்லாம் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சங்கதி எனக்கே குழப்பமாக இருக்கிறது. 2012 முதல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை முன்னின்று கொண்டுவந்தது அமெரிக்கா. 2018 ஜூனில் ட்ரம்ப் அரசு மனித உரிமைப் பேரவையை விட்டே வெளியேறியது. 2019இல் அந்த வேலையைப் பிரித்தானியா தலைமேல் எடுக்க வேண்டிவந்தது. அதே ட்ரம்ப் அரசுதான் 2020 பெப்ரவரியில், இறுதிப்போரில் 58ஆவது படைப்பிரிவை நடத்திய சவேந்திர சில்வா இலங்கை இராணுவத் தளபதியாக இருக்கும்போதே அவருக்கு அமெரிக்காவில் நுழையத் தடை போட்டது. அதற்கு முந்தைய நல்ல வாய்க்காரர்கள் செய்யாத வேலை. இரண்டையும் ஒரு தட்டில் போட்டு நிறுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. 2025இல் திரும்பவும் பேரவையை விட்டுப் போனார். இலங்கைக்கு ஏப்ரலில் 44 வீத வரி அறிவித்து, 30க்கு இறக்கி, கடைசியில் 20இல் நிறுத்தினார். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தையல் ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஏப்ரலில் அவர்கள் எத்தனை இரவு நித்திரை கொண்டார்கள் என்று.

இன்னொன்று எனக்குச் சொந்தமானது. நான் வந்த பாதை நியூயோர்க், பஃபலோ, பாலம், ஃபோர்ட் ஈரி. பஃபலோவில் ஒரு தங்குமடத்தில் 11 நாள் இருந்து, நேரம் எடுத்து, பாலத்தைத் தாண்டி அகதிக் கோரிக்கை வைத்தேன். என்னைப்போல எத்தனையோ தமிழர் அந்தப் பாதையால் வந்தார்கள். முதலில் வந்த நாட்டிலேயே அகதி கேட்க வேண்டும் என்று இரண்டு நாடுகளும் செய்த உடன்பாடு 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வர அது பெரும்பாலும் அடைபட்டது. 2023 மார்ச்சில் மிச்ச ஓட்டைகளும். வாஷிங்டன் எல்லையைக் காட்டிக் கத்த, 2025 ஜூனில் ஒட்டாவா ஒரு எல்லைச் சட்டமூலத்தை வைத்தது. வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு அகதி கேட்பவர்களுக்கு வழக்கமான விசாரணைச் சபைக்கான கதவைச் சாத்தும் பிரிவு அதில் இருந்தது. அதை வைத்த பொதுப் பாதுகாப்பு அமைச்சர் யார்? எங்கள் ஸ்காபரோ எம்பி ஹரி ஆனந்தசங்கரி. அவரே சிறுவயதில் ஈழத்திலிருந்து வந்தவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே ஒருவர் கத்தினால் இங்கே யாருக்குக் கதவு சாத்தப்படுகிறது என்று பாருங்கள்.

வேலையில் வாய் திறக்கலாமா? தாராளமாகத் திறக்கலாம். அரசியல் கதைத்ததற்காக ஊரில்போல உங்களை யாரும் வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போகப்போவதில்லை, அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம். ஆனால் இரண்டு விசயம். வேலைத்தள வாட்சப் குழுவில் எழுதாதீர்கள். வாயால் சொன்னது பின்னேரத்தோடு போய்விடும், எழுதினதை மேலாளருக்கு யாரும் காட்டலாம். மற்றது, எந்த மேசையிலும் முதல் ஆறு மாதம் கேள்வி கேட்கிறவனாக இருங்கள். அந்தப் பெரியவருக்கு இந்தத் தடவை நீங்கள் கோப்பி வாங்கிக்கொண்டு போய், "2018இலயும் இப்படித்தான் இருந்ததா? அப்ப வேலை போனதா?" என்று கேளுங்கள். மன்னிப்பெல்லாம் தேவையில்லை. பத்து நிமிடத்தில் வீட்டுக் கதை வரைக்கும் வந்துவிடுவார். டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை இப்போதும் கனடியக் கம்பனிதானா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது அடுத்த சண்டை.

விசா. இலங்கைக் கடவுச்சீட்டு என்றால், கனடா நிரந்தர வதிவிடம் இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த ஐந்து வருடம் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். எழுதிய கருத்தைவிட மறைத்த கணக்குத்தான் ஆபத்து. அவசரப்பட்டு எதையும் அழிக்கவும் வேண்டாம். எல்லையில் தொலைபேசியைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மாட்டேன் என்றால் அந்த நாட்டுக் குடிமகன் அல்லாதவரைத் திருப்பி அனுப்பலாம். நீங்கள் எந்த அந்தஸ்தில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அகதிக் கோரிக்கை முடியாமல் இருந்தால் சட்டத்தரணியிடம் கேட்காமல் அந்தப் பாலத்துப் பக்கமே போகாதீர்கள். மாமாவை இங்கே வரச் சொல்லுங்கள். அவருக்கு இரண்டு மணித்தியால ஓட்டம்தான்.

சப்பாத்து: நவம்பர் முடியுமுன் வாங்கிவிடுங்கள். பாதத்தைவிட அரை அளவு பெரிதாக, தடித்த காலுறைக்கு இடம் விட்டு. உள்ளே இருக்கும் கம்பளி உறையைக் கழற்றிக் காயவைக்கக் கூடியதாகப் பாருங்கள். பின்னேர வேலை முடிந்து நள்ளிரவில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு அது கட்டாயம் வேண்டும்.