ஐவிஎஃப் சிகிச்சைக்குப் பின் கரு தங்கியும் மகிழ்ச்சி வராமல் பயம் மட்டுமே இருப்பது இயல்பா?

கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்து ஆறு நாள் ஆகிறது, முதல் ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருக்க எனக்கு மட்டும் அழுகை வருகிறது, நான் நன்றி கெட்டவளா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. நான் மருத்துவர் அல்லள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே இரண்டு வாரத்தைக் கடந்து வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கருத்தரிப்பதைச் சொல்ல நம்மிடம் உள்ள சொற்கள் எல்லாம் தானாக நடப்பதற்கானவை. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்போம், முழுகாமல் இருக்கிறாள் என்போம், உண்டாகியிருக்கிறாள் என்போம். எனக்கு எந்த நாளும் தள்ளிப் போகவில்லை. ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்த்து உறைய வைத்திருந்த கருவை ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் உள்ளே வைத்தார்கள். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்து நின்றதை நானே பார்த்தேன். கர்ப்பத்தை வழக்கமாகக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால், அந்த நாளையே இரண்டு வாரம் ஐந்து நாள் கர்ப்பம் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற பெண்கள் சந்தேகப்படத் தொடங்கும் நான்காவது வாரத்தில், நாம் இரத்தத்தில் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் எவ்வளவு என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அது இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகுமா என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம்.

என் முதல் முயற்சியில் அந்த எண் 61 என்று வந்தது. இரண்டு நாள் கழித்து 70, அதற்கடுத்த வாரம் 22. பயோகெமிக்கல், அதாவது ஸ்கேனில் தெரியும் முன்பே கலைந்துவிட்ட கர்ப்பம், என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அதற்குள் அத்தை பெயர் வரை யோசித்து வைத்திருந்தார். ஆகவே இரண்டாம் முறை 240 வந்து, இரண்டு நாளில் அது 510 ஆனபோது மருத்துவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை. ஏறிய எண் இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டவளிடம் நல்ல எண்ணைக் காட்டி மட்டும் ஆறுதல் சொல்ல முடியாது. இன்னொன்று, அடுத்தவருடைய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். ஆரோக்கியமான கர்ப்பங்களிலேயே அது மிகவும் வேறுபடும்.

என் அனுபவத்தில் பயத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. சிகிச்சை நடந்த மாதங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், ஊசி, இரத்தப் பரிசோதனை என்று யாராவது நம் உடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாசிட்டிவ் வந்தவுடன் அந்தக் கவனிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது. ஸ்கேனில் பாருங்கள், அதுவரை மருந்தைத் தொடருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். உடலைக் கேட்கலாம் என்றால் அதையும் நம்ப முடியாது, ஏனெனில் மார்பு வலி, வயிறு உப்பல், தூக்கம் எல்லாவற்றையும் கர்ப்பத்தைத் தாங்கக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தே தந்துவிடும். நான் தினமும் காலையில் எழுந்தவுடன் மார்பை அழுத்திப் பார்ப்பேன். வலித்தால் அன்று சோறு இறங்கும். ஒரே கடையில் கேட்க வெட்கப்பட்டு ஐந்து மருந்துக் கடைகளில் ஐந்து கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கி, குளியலறை ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்து, எந்தக் கோடு அழுத்தமாக இருக்கிறது என்று செல்பேசி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். அந்த அட்டை அளவு சொல்வதற்காகச் செய்யப்பட்டதே அன்று. இரண்டு செம்பு தண்ணீர் கூடுதலாகக் குடித்தாலே கோடு மங்கிவிடும். தெரிந்தும் பார்த்தேன்.

ஐந்தரை வாரத்தில் ஓர் இரவு பழுப்பு நிறத்தில் கறை தெரிந்தது. தொடக்க மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஏதாவது படுகிறது என்பதையும், அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பம் தொடர்கிறது என்பதையும் மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் சிவப்பாக அதிகமாகப் போனாலோ, அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தோள்பட்டை வலியோ மயக்கமோ வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அசையாமல் படுத்திருந்தால் கரு நிற்கும் என்று உறவினர்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. நானும் மூன்று நாள் படுத்துப் பார்த்தேன், முதுகு வலிதான் மிச்சம்.

மூன்று மாதம் வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கம் எனக்குப் பிடித்த வழக்கந்தான், ஆனால் சிகிச்சைத் தேதி தெரிந்தவர்களிடம் அது செல்லாது. முடிவு வரும் நாளன்று மாலையே தொலைபேசி ஒலிக்கும். என் கணவர் எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "ஸ்கேன் முடிந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்." அதற்குமேல் அவர் என்னிடமும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தை அக்கறையின்மை என்று எண்ணிச் சண்டை போட்டேன், அவருக்கும் தூக்கம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆறு வாரம் மூன்று நாளில் ஸ்கேன். கருவின் பாலினத்தைக் கேட்க மாட்டேன் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உயிர் இருக்கிறதா என்பதே தெரியாத நேரத்தில் அது வேடிக்கையாக இருந்தது. மருத்துவர் பேசாமல் திரையைப் பார்த்த சில நொடிகளில் நான் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணினேன். பிறகு திரையைத் திருப்பினார். அரிசி அளவில் ஒன்று, அதற்குள் ஒரு துடிப்பு, நிமிடத்துக்கு 118. நன்றாக அழுதேன். ஆனால் துடிப்பைப் பார்த்த பின் பயம் போய்விடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு அது வீட்டுக்குப் போகும் வழியிலேயே திரும்பி வந்தது. வாரங்கள் போகப் போக அதன் கூர் மழுங்கியது, அவ்வளவுதான்.

பத்தாவது வாரத்தில் புரோஜெஸ்டிரோனை நிறுத்தச் சொன்னபோது மறுபடி நடுங்கினேன். மருத்துவர் சொன்னபடி நிறுத்தினேன், ஆனால் மிச்சமிருந்த இரண்டு அட்டைகளை எறியாமல் ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன், எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தேதான். ஏழாம் மாதம் வளைகாப்பன்று மிஞ்சிய தயிர்சாதத்துக்கு இடம் தேடிய அத்தை, "இது என்ன மருந்தும்மா, எடுத்துப் போடலாமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.