தங்கம் தேடும் புதிய டிடெக்டருக்காகக் காத்திருக்கலாமா?

மைன்லேப் நிறுவனத்தின் தங்கம் தேடும் டிடெக்டர்களில் ஜிபிஇசட் 7000 வந்தது 2015-இல், ஜிபிஎக்ஸ் 6000 வந்தது 2021-இல். அடுத்த மாடலில் என்ன இருக்கும் என்று தங்கம் தேடுபவர்கள் ஊகிக்கிறார்களே, காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

எடை குறையும் என்ற ஊகம் சரி, நல்லதுதான். 7000 மூன்று கிலோவுக்கு மேல், 6000 இரண்டு கிலோ சொச்சம். நாள் முழுக்கக் கருவியை வீசி நடக்கும் தோளுக்கு அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். ஆனால் உண்மையான சவால் மண். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் செம்மண்ணில் இரும்புத்தாது அதிகம். டிடெக்டரின் கம்பிச்சுருள் (காயில்) அனுப்பும் காந்தத் துடிப்புக்கு மண்ணும் பதில் கொடுக்கும்; அரிசியளவுத் தங்கத்தின் மெல்லிய முனகல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். அதைப் பிரித்துக் காட்டும் கருவி வந்தால் நானே முதலில் வாங்குவேன்.

அதுவரை கையில் இருக்கும் கருவியோடு தேடுங்கள்; 1980-இல் அதே விக்டோரியாவின் கிங்கோவரில் 27 கிலோ தங்கக்கட்டி சிக்கியது அந்தக் கால டிடெக்டரில்தான்.