பல்ப கீழ பாத்து மாட்டுங்க! – இந்த மாச கேள்வி பதில்

இந்த மாசம் வந்ததுல பாதி ஸ்பாட்லைட் கேள்விதான், அதனால அதுக்கு நீளமாவே எழுதறேன்.

கேள்வி: எங்க லய வீட்டு வரிசையில ரெண்டு மோட்டார் சைக்கிள் திருடு போச்சு. வீட்டு முன்னால 100 வாட் எல்இடி ஸ்பாட்லைட் போட்டோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தூக்கம் வரலன்னு சண்டைக்கு வராங்க. பாதுகாப்பு முக்கியம்தானே?

பதில்: முக்கியம்தான், ஆனா நீங்க போட்டது பாதுகாப்பே இல்லங்க. ராத்திரி கேட்டுக்கு வெளிய நின்னு உங்க வீட்ட பாருங்க, கண்ணு கூசும். இப்ப கைய தூக்கி அந்த லைட்ட மட்டும் மறைங்க, அதுவரைக்கும் தெரியாத மோட்டார், செருப்பு, பூந்தொட்டி எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அந்த கூசற வெளிச்சத்துக்கு பின்னால எவன் நின்னாலும் தெரியாது, திருடனுக்குத்தான் வசதி. 10 வாட் போதும், முகம் தரைய பாக்கணும், மேல ஒரு மூடி, கூட மோஷன் சென்சார். ஆள் வந்தா டக்குன்னு எரியற லைட்டத்தான் நாலு பேரு திரும்பி பாப்பாங்க, விடிய விடிய எரியறத யாரும் பாக்க மாட்டாங்க.

குடியிருப்பு கமிட்டிக்காரங்களுக்கும் இதான் சொல்றேன். எங்க தாமான் (குடியிருப்பு) பக்கத்துல ஒரு ஃபுட்சால் கோர்ட், ஆட்டம் 10 மணிக்கே முடிஞ்சிடும், லைட் மட்டும் விடியற வரைக்கும். கேட்டா எல்இடிதானே கரண்ட் கம்மின்னு பதில். கம்மின்னா எரிய விட்டுடறதா? மலிவாச்சுன்னு ஒண்ணு இருந்த எடத்துல நாலு மாட்டறோம், அதான் வானம் பூரா வெளுத்துப்போய் கெடக்கு.

கேள்வி: வாம் லைட் (மஞ்சள் கலந்த வெளிச்சம்) போட்டா வெளிச்சம் கொறையுமா?

பதில்: கொறையாது. வெளிச்சத்துக்கு லூமென், நிறத்துக்கு கெல்வின், பெட்டியிலேயே போட்டிருக்கும். வீட்டுக்கு வெளிய 3000 கெல்வினுக்கு மேல வேணாம். 6500-ல நீலம் ஜாஸ்தி, அதான் காத்துல அதிகமா சிதறும், தூக்கத்துக்கான மெலடோனினையும் அதான் ரொம்ப கெடுக்கும்.

கேள்வி: எங்க வீட்டு லைட் சரியா?

பதில்: எத்தன வாட், எத்தன கெல்வின், எங்க மாட்டியிருக்கு, எந்த பக்கம் பாக்குது, ஒண்ணுமே எழுதாம கேட்டா எப்படிங்க? போட்டோ எடுத்து விவரத்தோட அனுப்புங்க.

கேள்வி: மழை விட்டதும் வீடு பூரா ஈசல்!

பதில்: அரை மணி நேரம் லைட்ட அணைங்க. மருந்தெல்லாம் வேணாம்.

கேள்வி: கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தான்ல மின்மினி பாக்க போறோம், போன் டார்ச் அடிக்கலாமா?

பதில்: அடிக்கவே கூடாது, பிளாஷும் கூடாது. ஆத்தங்கரையில இருக்கற பெரம்பாங் மரத்துல ஆண் பூச்சிங்க ஒண்ணா சேந்து மின்னறது பெண் பூச்சிய கூப்பிடத்தான். நம்ம வெளிச்சம் பட்டா அந்த சிக்னல் எடுபடாது, ஜோடி சேராது. ஆத்தங்கரையில கடை, ரிசார்ட் வச்சிருக்கவங்களுக்கும் சேத்து சொல்றேன், பல்ப கீழ பாத்து மாட்டுங்க, ஆத்த பாத்து இல்ல.

கேள்வி: பையனுக்கு டெலஸ்கோப் வாங்கலாமா? டவுன்ல என்ன தெரியும்?

பதில்: நிலா, வியாழன், சனி நல்லாவே தெரியும், அதுங்களுக்கு டவுன் வெளிச்சம் தடையில்ல. பால்வீதிக்கு டவுன விட்டு தள்ளி செம்பனை காட்டு பக்கம் போகணும், ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும், நிலா இல்லாத நாளா பாத்து. வாங்கறதுக்கு முன்னால டிசம்பர்ல ஒரு நாள் வெறும் கண்ணால கார்த்திகை நட்சத்திர கூட்டத்த எண்ண சொல்லுங்க. இருட்டான எடத்துல 6 தெரியும். உங்க வாசல்ல 3 தான் தெரியுதுன்னா டெலஸ்கோப் இருக்கட்டும், மொதல்ல வாசல் லைட்ட மாத்துங்க.