லைட் இல்லாமல் ஓடினாலும் உரிமை போகாது, தம்பி

தம்பி, நேற்றுப் பின்னேரம் உங்கள் அம்மா மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். லீவில் வந்த என்னை விறாந்தையில் இருத்தி, இங்கிலாந்தில் இருந்து நீங்கள் அனுப்பிய படங்களைக் காட்டினார்: கட்டுப் போட்ட மணிக்கட்டு, நெளிந்த முன்சில்லு, கிழிந்த ஜக்கெற். கீழே எனக்கும் எழுதியிருந்தீர்கள். "அண்ணன், இருட்டில லைட் இல்லாம சைக்கிள் ஓடினது என்ர பிழை. கார்க்காரன் என்னை முந்திப் போய்ச் சடக்கெண்டு இடப்பக்கம் திரும்பிற்றான். நான் நட்டஈடு ஏதும் கேட்கலாமா?"

கேட்கலாம். லண்டனில் பதினெட்டு வருஷம் இருந்தவன் சொல்கிறேன்.

ஊரில் நமக்குப் பழகிய கணக்கு வேறு. பாலத்தடியில் இரண்டு வாகனம் முட்டினால் பொலிஸில் என்ட்ரி போட்டு, ஒருவரில் பிழையைச் சுமத்தி, மருந்துச் செலவோடு சமாதானமாகப் போய்விடுவோம். அதே மனதோடு அங்கே போகிறோம். நம்மில் கொஞ்சம் பிழை இருந்தாலே வாயை மூடிக்கொள்கிறோம். இங்கிலாந்திலும் முன்பு அப்படித்தான். காயப்பட்டவரில் சிறு பிழை இருந்தாலும் வழக்கே விழுந்துவிடும். 1945இல் வந்த சட்டம் அதை மாற்றியது. இப்போது பிழையைப் பங்கு போடுவார்கள். இழப்பு 10,000 பவுண், உங்கள் பங்கு நூற்றுக்கு 30 என்று முடிவானால் கைக்கு 7,000 வரும்.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பிழை விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தால்தான் கழிப்பார்கள். உதாரணமாக, காரில் சீட் பெல்ட் போடாதவருக்கு, போட்டிருந்தால் காயமே வந்திராது என்றால் வழக்கமாக 25 வீதம் கழியும். குறைந்திருக்கும் என்றால் 15. போட்டும் பயனில்லை என்றால் ஒன்றும் இல்லை. உங்களை முந்திப்போன ஆள் உங்களைக் கண்டுதானே முந்தியிருப்பார்? அதை உங்கள் சொலிசிட்டரிடம், அதாவது வழக்கைப் பார்க்கும் சட்டத்தரணியிடம், முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

ஆனால் லைட் போட்டிருந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லச் சொல்லித்தரும் ஆட்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். வழக்கின் அடிப்படையில் பொய் சொன்னது தெரிந்தால், 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்மையாகக் கிடைக்கவேண்டியதையும் சேர்த்தே நீதிமன்றம் தள்ளிவிடலாம். உண்மையைச் சொன்னால் ஒரு பங்குதான் போகும்.

என் அனுபவம் ஒன்று. போன புதிதில் ஒரு ஸ்டோரில் பெட்டி தூக்கிக்கொண்டு போய் ஈரத் தரையில் விழுந்தேன். மனேஜர் நீட்டிய தாளில் 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமென்ற பயம். அந்த ஒரு வரியோடு சொலிசிட்டர் ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தது. அதனால் கார்க்காரன் பக்கத்துக் காப்புறுதிக்காரர் போன் எடுத்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள், தொகைக்கும் ஓம் சொல்லாதீர்கள்.

விசாவை நினைத்தும் பயப்படவேண்டாம். இது அரச உதவிப் பணம் அல்ல, அடித்தவரின் காப்புறுதி தருவது.

வழக்குப் போட மூன்று வருஷம் இருக்கிறது. ஆனால் சந்திக் கடைக் கமெராவில் பதிவு அவ்வளவு நாள் நிற்காது. அம்மா உங்களுக்கென்று முந்திரிப்பருப்பு கட்டித் தந்திருக்கிறார், கொண்டு வருகிறேன். நீங்கள் நாளைக்கே அந்தக் கடைக்குப் போய், அன்றைய பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.